250 என்று வாங்கிய கார் டைனோவில் 172: சிப் மாற்றலாமா?

கேள்வி: 2004ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றைக் கல்முனையில் வாங்கினேன். 250 குதிரைவலு என்று சொல்லித்தான் தரகர் விலை பேசினார். கொழும்புப் பக்கம் கொண்டுபோய் டைனோவில் (சில்லை ரோலரில் சுழலவிட்டு வலு அளக்கும் இயந்திரம்) ஏற்றிப் பார்த்தால் 172 தான் காட்டுகிறது. தாளை இணைத்திருக்கிறேன். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் சிப்பை மாற்றினால் 40 கூடும் என்று அதே தரகர் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், கல்லடி)

பதில்: சிப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பேசுவோம்.

250 என்பது மஸ்டா ஜப்பானில் அச்சிட்ட எண். அது கியர்பெட்டிக்கு முன்னால், என்ஜினின் ஃபிளைவீலில் அளந்தது. நீங்கள் அளந்திருப்பது பின் சில்லில். நடுவே கியர்பெட்டி, நீளத் தண்டு, டிஃபரன்ஷியல், ரயர் எல்லாம் தரகர் கமிஷன் மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும். போதாததற்கு, ஜப்பான்காரர் எழுதுவது மெட்ரிக் குதிரைவலு. ஆங்கிலக் கணக்கில் அந்த 250 வெறும் 247. அதுவும் நிற்கவில்லை. 2003இல் அமெரிக்காவில் மஸ்டாவே 247ஐ 238 என்று திருத்தியது, ஏற்கனவே வாங்கியவர்களிடம் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முன்வந்தது. அந்த மரியாதையை நம் ஊர்த் தரகரிடம் எதிர்பார்க்க வேண்டாம். இந்தக் கார் புதிதாக இருந்த காலத்திலேயே ரோலரில் 180 சொச்சம் காட்டியது சாதாரணம். இருபது வருடம் ஓடிய பிறகு 172 என்றால் அழவேண்டிய எண் அல்ல.

இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். வலுக்கோடு நிமிடத்துக்கு 7,400 சுற்றில் நின்றுவிட்டது, அதுவும் ஏறிக்கொண்டிருக்கும்போதே. இந்த என்ஜின் தன் முழு வலுவைக் கொடுப்பது 8,500 சுற்றில். அடுத்தவன் கார், என்ஜின் வெடித்துவிடுமோ என்று பயந்து காலை எடுத்திருப்பார்கள். ஆக, உச்சம் அளக்கப்படவே இல்லை. ஆனால் ஒன்று: உங்களுடையது 250 ரகம்தானா என்று முதலில் பாருங்கள். கை கியர் ஆறு இருந்து, சுற்றுமானியில் சிவப்பு 9,000இல் தொடங்கினால் சரி. ஐந்து கியர் என்றால் அது 210 ரகம். தரகர் அங்கேயே 40ஐ விழுங்கிவிட்டார்.

வாகனப் புத்தகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதில் வலு இருக்காது, சிசிதான் இருக்கும். இந்த ரோட்டரி என்ஜின் 1,308 சிசி. காகிதத்தை நம்பினால், மாமா ஓட்டும் 1,500 சிசி கொரோலாவை விட இது சின்ன வண்டி! இறக்குமதி வரியும் சிசிக்கு, பதிவும் சிசிக்கு. வருடா வருடம் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம். வண்டியின் வலு என்னவென்று ஒரு கவுண்டரிலும் கேட்பதில்லை. அரசாங்கம் எழுதி வைக்காத எண்ணைத் தரகர் தன் வாயால் எழுதிக்கொள்கிறார்.

மறுபடி அளக்கப் போனால் 95 ஒக்டேன் ஊற்றிக்கொண்டு போங்கள், 92 வேண்டாம். தாளின் மூலையில் எந்தத் திருத்தம் என்று பாருங்கள். கச்சான் காற்று வீசும் நாளில் 34 பாகையில் உள்ளே போகும் காற்று மெலிந்திருக்கும், வலு குறையும். அதை 25 பாகைக்குச் சரிக்கட்டுவதுதான் எஸ்ஏஇ (SAE) திருத்தம். நம் கரையோர வெக்கைக்கு 3, 4 சதவீதம் சேரும், அது நியாயம். எஸ்டிடி (STD, இன்னும் குளிரான காற்றுக்குச் சரிக்கட்டும் பழைய கணக்கு) என்று போட்டிருந்தால் இன்னும் 3, 4 சதவீதம் சும்மா ஏறும். வெப்பமானி வயரை சூடான என்ஜின் பக்கம் தொங்கவிட்டாலும் எண் ஏறும். சிப் விற்பவர்களின் கைவேலை இங்கேதான்: முதல் ஓட்டம் எஸ்ஏஇயில், சிப் போட்ட பிறகு எஸ்டிடியில். காரில் ஒன்றும் மாறாமலே ஆறேழு குதிரை வந்துவிடும். உங்கள் தாளில் எஸ்ஏஇ என்றுதான் இருக்கிறது. அளந்தவர் நேர்மையான ஆள் போல.

டர்போ (என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திருத்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் காரில் டர்போ இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இம்ப்ரெசா, லான்சர் எவோ வைத்திருக்கும் பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள். டர்போ காரில் பூஸ்ட், அதாவது அந்த அமுக்கம், எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. வெளியே காற்றமுக்கம் கொஞ்சம் குறைந்தால் டர்போ கூடுதலாகச் சுழன்று அதை நிரப்பிவிடும். ஏற்கனவே நிரம்பிய கணக்கில் திருத்தம் என்று மறுபடி சேர்த்தால், இல்லாத வலு தாளில் ஏறும். ஆகவே டர்போ என்றால் திருத்தம் போடாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்துக்கு இரண்டாம் தடவை போகாதீர்கள்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். ஒரு டைனோவின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அதே இயந்திரம், அதே கியர், அதே திருத்தம், முடிந்தால் அதே நாள். “சில்லில் 172 என்றால் என்ஜினில் 250” என்று யாராவது பெருக்கிக் காட்டினால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

டைனோவுக்குக் கட்டும் காசில் முதலில் இக்னிஷன் கொயில், பிளக், கட்டலிட்டிக் (புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் பகுதி) அடைப்பு மூன்றையும் பாருங்கள். இந்தக் காரில் கொயில் சீக்கிரம் சோரும். அப்புறம் கொம்பிரஷன், அதாவது என்ஜின் உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம். சாதாரண மானியை வைத்து “நல்லா இருக்கு” என்று கராஜ் பாஸ் சொன்னால் நம்ப வேண்டாம். இந்த என்ஜினில் பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண மானி அதில் பெரியதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி மானி வேண்டும். ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 250 சுற்றில் சுழற்றும்போது ஒவ்வொரு முகமும் குறைந்தது 680 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் என்ஜின் பிரித்துப் பூட்டும் செலவை எழுத்தில் வாங்கிக்கொண்டு விற்றவரிடம் விலை பேசப் போங்கள். டைனோ தாளை அவரிடம் காட்ட வேண்டாம். “அது மெஷின் பிழை” என்று ஒரே சொல்லில் தட்டிவிடுவார்.