குணப்படுத்த முடியாத நோயாளிகள் அடுத்தடுத்து இறப்பதைச் செவிலியர்கள் எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள்?

போகப் போகப் பழகிவிடும் என்று நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோரும் சொன்னார்கள். புற்றுநோய் முற்றியவர்கள் இருக்கும் வார்டில் 11 வருடமாக இருக்கிறேன். வேலை பழகியிருக்கிறது. மூச்சு விட்டுவிட்டு வர ஆரம்பித்தால் இன்னும் எவ்வளவு நேரம் என்று ஓரளவு தெரிகிறது. தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்து வீட்டார் பயப்படும்போது, ஒருக்களித்துப் படுக்கவைத்து அவர்களுக்கு விளக்கத் தெரிகிறது. ஆனால் நேற்று பேசிக்கொண்டிருந்தவர் கட்டிலில் இன்று காலை வேறொருவர் படுத்திருப்பதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஊரே வந்து துக்கம் கேட்கும். எங்களிடம் யார் வந்து கேட்பார்கள்? பெட்ஷீட் மாற்றுவதற்குள் அடுத்த அட்மிஷன் வந்துவிடும். டியூட்டி முடிந்தால் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பிள்ளைகளுக்கு டிபன் கட்ட வேண்டும். ஊர் கணக்கில் எடுக்காத இந்த மாதிரி துக்கத்துக்கு கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் ஒரு பெயரே வைத்திருக்கிறார். அங்கீகாரம் கிடைக்காத துக்கம் என்று தமிழில் சொல்லலாம். படித்தபோது, நம்மைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது.

தப்பிக்க நாங்கள் பிடித்துக்கொள்ளும் முதல் வழி வார்த்தைகள். "ஏழாம் பெட் எக்ஸ்பயர் ஆயிடுச்சு" என்போம், பெயரைச் சொல்ல மாட்டோம். 1960-இல் இசபெல் மென்சீஸ் என்பவர் லண்டன் மருத்துவமனை ஒன்றைப் பற்றி எழுதிய ஆய்விலும் இதேதான். அங்குள்ள செவிலியர்கள் "பத்தாம் கட்டில் ஈரல்" என்று நோயாளியைக் குறிப்பிடுவார்களாம். மனசு நெருங்கிவிடாமல் இருக்க அப்படி ஒரு வேலி. ஆனால் அந்த வேலி பதற்றத்தைக் குறைப்பதில்லை என்பதுதான் அவர் கண்டது. என் அனுபவமும் அதுவே.

முதல் வருடம் ஒரு அம்மா இருந்தார். இட்லிக் கடை வைத்திருந்தவர். மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர், உடைஞ்சு போயிடுவாங்க" என்று மகன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தார். ஒரு நைட் டியூட்டியில், இரண்டு மணி இருக்கும், அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, நான் வீட்டுக்குப் போக மாட்டேன்ல?" என்றார். "காலையில டாக்டர் வருவார்மா, அவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டிரிப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். அவர் கையை விட்டுவிட்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்தார்.

காரியம் முடிந்து மகன் வந்தார், ஏர் பெட்டை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று. "கடைசியா ஏதாவது கேட்டாங்களா சிஸ்டர்?" என்றார். நடந்ததைச் சொன்னேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அப்படி அழுதார். "தெரிஞ்சேதான் இருந்திருக்காங்க. நாங்க பேசியிருக்கலாமே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எத்தனையோ மரணங்களைப் பார்த்தாயிற்று. மனசில் உறுத்திக்கொண்டே இருப்பது அந்த டிரிப்பைத் திருகிய இரண்டு நிமிடம்தான். அதனால் இப்போது யாராவது அப்படிக் கேட்டால், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்பேன். பாதிப் பேர் அவர்களே சொல்லிவிடுவார்கள். காலையில் டாக்டரிடமும் வீட்டாரிடமும் பேசி, அவர்களை ஒன்றாக உட்காரவைக்கப் பார்ப்பேன். முடிந்தவரை உடனிருந்தோம் என்று இருந்தால், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரும்.

வலியும் அப்படித்தான். வலியில் துடித்துப் போனவரை மறக்கவே முடியாது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் கிடைப்பதே பல இடங்களில் பெரும்பாடாக இருந்தது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை சரியாகப் போய், முகம் தெளிந்து, பேத்தியோடு நாலு வார்த்தை பேசிவிட்டு ஒருவர் போனால் அழுகை வரும், ஆனால் அதில் குற்ற உணர்ச்சி இருக்காது.

அப்புறம், இறந்தவரின் உடம்பைத் துடைப்பது. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் கற்றுக்கொடுத்தது. மூக்கு டியூப், யூரின் டியூப் எல்லாம் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைப்போம். தாடையைத் தூக்கிக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவோம். செய்யும்போது, "ஐயா, கையைத் தூக்குறேன்", "இந்தப் பக்கம் திருப்புறேன்" என்று உயிரோடு இருப்பவரிடம் பேசுவது போலவே பேச வேண்டும் என்பார் அக்கா. முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்று அப்படிப் பேசாமல் என்னால் செய்ய முடியாது. அமெரிக்காவில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர், நோயாளி இறந்ததும் எல்லோரும் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிடம் மௌனமாக நிற்கும் பழக்கத்தைத் தொடங்கினார். அதையும் நாங்கள் சில நாள் செய்து பார்த்தோம். கூட்டமான வார்டில் எப்போதும் முடிவதில்லை.

டியூட்டி முடிந்ததும் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நாலைந்து பேர் நிற்போம். அங்கே பெட் நம்பர் சொல்ல மாட்டோம், பெயர் சொல்லித்தான் பேசுவோம். போன வாரம் போன தாத்தா டீயில் எவ்வளவு சர்க்கரை கேட்பார், ஆயாம்மாவை என்ன சொல்லி வம்புக்கு இழுப்பார் என்று பேசிக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த பெண் அழுதாள். யாரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை. பஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.