சிரிப்பில் அவளுக்கும் பங்கு இருக்கிறதா?

கேள்வி: ஐயா, அண்மைக் காலத்தில் வந்த காதல் நகைச்சுவைப் படங்களில் நீங்கள் விரும்பிப் பார்த்தவை எவை? இப்படிப்பட்ட படங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, உழைக்கிற சனங்களுக்கு இவை தேவையில்லை என்று சொல்லி என் அண்ணன் தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிறார். அவர் செய்வது சரியா?
– வாசகி ஒருவர், மஸ்கெலியா

பதில்: சகோதரி, அண்ணனுடைய பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் பேசிவிடுவோம். ஒரு பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவள் போகுமிடமெல்லாம் பின்னால் போவதையும், பொய் சொல்லி அவள் மனத்தைக் கலைப்பதையும் நகைச்சுவை என்று காட்டிய படங்கள் தமிழில் ஏராளமாக வந்திருக்கின்றன. 2016 இல் வெளிவந்த ‘ரெமோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் மருத்துவர் ஒருவரை அடைவதற்காக நாயகன் தாதி வேடம் போட்டுக்கொண்டு அவருக்கு நெருக்கமாகிறான். சிவகார்த்திகேயன் அந்த வேடத்துக்காகப் பட்ட பாடு திரையில் தெரிகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நமக்குத் தெரிந்த உண்மை அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியாது என்பதை வைத்தே படம் நம்மைச் சிரிக்கச் சொல்கிறது. நம்முடைய தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஹட்டனுக்கும் நாவலப்பிட்டிக்கும் பஸ்ஸில் போய்ப் படித்துவரும் பிள்ளைகள், பின்னால் ஒருவன் வருகிறான் என்று வீட்டில் சொன்னால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பதை நாம் அறிவோம். அந்தப் பிள்ளையை எந்தப் படமும் கேலிப்பொருளாக்கக் கூடாது.

அண்ணனோடு நான் முரண்படுவது இதற்குப் பிறகுதான். கெட்ட படங்கள் இருக்கின்றன என்பதற்காக அந்த வகையையே வீட்டுக்கு வெளியே தள்ளிவிட முடியாது. நான் ஒரு காதல் நகைச்சுவைப் படத்தைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இந்தச் சிரிப்பில் அவளுக்கும் பங்கு இருக்கிறதா? அவளுக்கென்று ஒரு வேலையும் ஒரு மனமும் இருந்து, அவனைப் பார்த்து அவளும் சிரிக்க முடிகிறது என்றால், அந்தப் படத்தைத் தாராளமாக நடு வீட்டில் போட்டுப் பார்க்கலாம்.

காதலையும் சிரிப்பையும் ஒன்றாகப் பின்னத் தெரிந்தவர்கள் தமிழ் சினிமாவில் முன்பே இருந்தார்கள். 1964 இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில், நாகேஷ் கதை சொல்லச் சொல்லப் பாலையாவின் முகம் போகிற போக்கை இன்றைக்கும் குடும்பம் குடும்பமாக ரசிக்கிறார்கள். (அதே ஆண்டு அக்டோபரில்தான், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்குபோட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அது எத்தனையோ சோடிகளை இரு கரைகளிலும் நிறுத்தியது. நம்மவர் எழுதிய காதல் கதைகளில் கண்ணீர் மிகுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.) பின்னர் வந்த பல ஆண்டுகளில் காதல் ஒரு பக்கமும் நகைச்சுவை நடிகரின் தனிப் பகுதி இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கிடந்தன. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தத் தனிப் பகுதி மெல்ல மெல்லக் குறைந்து, காதலிக்கிற இருவருக்கிடையிலேயே சிரிப்பு மறுபடியும் பிறந்திருக்கிறது. நான் விரும்பிப் பார்த்த படங்களெல்லாம் இந்தக் காலத்தைச் சேர்ந்தவை.

அவற்றில் முதல் இடத்தை 2023 இல் விநாயக் சந்திரசேகரன் இயக்கிய ‘குட் நைட்’டுக்குத் தருவேன். மணிகண்டன் நடித்த மோகனுக்குப் பெருங்குறட்டை. மீதா ரகுநாத் நடித்த அனு அதிகம் பேசாத பெண். கல்யாணத்துக்குப் பிறகுதான் குறட்டை அவளுக்குத் தெரியவருகிறது. இதைச் சொன்னால் அண்ணன் இதெல்லாம் ஒரு கதையா என்று கேட்பார். அவரிடம் நம் லயத்துக் காம்பராவை, தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையை, நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அப்பா, அம்மா, தம்பி, தங்கை எல்லாரும் படுத்திருக்க, புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு மூலையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக் கொடுக்கிறோம். அங்கே ஒருவர் விடுகிற குறட்டை அடுத்த காம்பராவுக்கும் கேட்டு, காலையில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கேலிப் பேச்சாகிவிடும். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போகிற பெண்ணுக்கு இரவுத் தூக்கம் கெடுவது சின்ன விஷயமே அல்ல. ‘குட் நைட்’ அந்தத் தூக்கத்தைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறது. அவன் குறையைப் பார்த்து முதலில் சிரிக்க வைக்கிற படம், அவளுடைய உடம்பு வாடத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனுடைய குற்றவுணர்வைப் பேசுகிறது. அந்தக் குற்றவுணர்வே கோபமாக மாறி அவளைச் சுடுகிற இடத்தையும் மறைக்காமல் காட்டுகிறது. அக்காவும் அத்தானுமாக வருகிற சோடிக்குப் பிள்ளையில்லை என்ற கவலை இருக்கிறது. அதை ஒருவர் தலையில் மற்றவர் பழியாகப் போடாமல் அவர்கள் சேர்ந்து சுமக்கிறார்கள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய விதத்தை இவ்வளவு இயல்பாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் அதிகமில்லை.

கொழும்புக்கு வேலை தேடிப் போன பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ‘காதலும் கடந்து போகும்’ படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2010 இல் வந்த கொரியப் படமொன்றைத் தழுவி 2016 இல் நலன் குமாரசாமி எடுத்தது இது. விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து வேலையை இழந்த பொறியியல் பட்டதாரியாக மடோனா செபாஸ்டியனும், பக்கத்து வீட்டு அடியாளாக விஜய் சேதுபதியும் நடித்திருக்கிறார்கள். வேலை போன செய்தியை ஊருக்குச் சொல்ல முடியாமல், வாடகைக்குக் காசு தேடிக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்காக ஓடுகிற அந்தப் பெண்ணின் பாடு, நம்மூரிலிருந்து கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய் அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகளின் பாடுதான். அவளுக்கு முதலில் தேவைப்படுவது வேலை என்பதை இந்தப் படம் ஒரு இடத்திலும் மறப்பதில்லை. காதல் என்ற சொல்லைப் பெரிதாக உச்சரிக்காமலே இருவரும் ஒருவருக்கொருவர் துணையாகிறார்கள்.

2012 இல் வந்த பா. ரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’, பஸ்ஸில் பிறக்கிற காதல்களைப் பற்றியது. காதல் தோற்றுவிட்டது என்று துக்கம் கொண்டாடப் பார்த்தும் துக்கம் நிலைக்காத ஒரு பொடியனாகத் தினேஷ் நடித்திருக்கிறார். சினிமா காதலர்களைப் பார்த்து நடை பழகிய பையனின் வெளிவேடத்தைப் படம் அன்போடு உரித்துக் காட்டுகிறது. அதில் சிரிப்பு அவன்மீதுதான் விழுகிறது, அவளை அது தொடுவதில்லை. வாலிபப் பையன்கள் பார்க்க வேண்டிய படம் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

அதே தினேஷ் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 இல், தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’வில் கல்யாண வயதுப் பெண்ணுக்குத் தகப்பனாக வந்தார். அந்தப் பெண்ணுக்கும் ஹரிஷ் கல்யாணுக்குமான இளங்காதலைவிட, தினேஷுக்கும் சுவாசிகாவுக்கும் இடையிலான நடுவயதுக் காதல்தான் என் மனத்தில் நிற்கிறது. கிரிக்கெட்டே கதியென்று கிடக்கிற கணவனைக் கண்டிக்கவும், கோபித்துக்கொண்டு பிரிந்து போகவும் அந்த மனைவிக்கு முழு உரிமை இருக்கிறது. அவள் இல்லாத வீட்டில் அவன் படுகிற தவிப்பு சிரிக்கவும் வைக்கிறது, நெஞ்சையும் தொடுகிறது. மாமியாரும் மருமகளும் அதில் ஒருவரையொருவர் மதிக்கிற விதம் தனிச் சிறப்பு. காதலுக்குக் குறுக்கே சாதி எப்படி நிற்கிறது, ஆடுகளத்தில்கூட அது யாரை வெளியே வைக்கிறது என்பதைப் படம் பூசி மெழுகவில்லை. லயங்களிலும் அந்தப் பேச்சு கல்யாணம் என்று வந்தால் தலைதூக்குகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

‘திருச்சிற்றம்பலம்’ (2022) உங்களுக்குத் தெரிந்திருக்கும். நித்யா மேனனுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம் அது. சிறு வயதுத் தோழியாக, அவன் காதலித்துத் தோற்கும் ஒவ்வொரு முறையும் கூடவே நின்று, தன் மனத்தை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்கிற ஷோபனா என்ற பாத்திரத்தை அவர் ஒரு பார்வையால் விளக்கிவிடுகிறார். பாரதிராஜா, பிரகாஷ் ராஜ், தனுஷ் என்று மூன்று தலைமுறை ஆண்கள் இருந்து, தகப்பனும் மகனும் பேசாமல் முறைத்துக்கொண்டிருக்கிற வீட்டுக்குள் அவள் சிரிப்பு நுழைவதுதான் படத்தின் உயிர். நண்பர்கள் தம்பதிகளானால் என்ன ஆகும் என்று கேட்கும் ‘ஓ மை கடவுளே’ (2020) இலேசான படம், ஒரு முறை பார்க்கலாம்.

‘லவ் டுடே’ (2022) பற்றி எனக்கு இரண்டு மனம். கல்யாணம் கேட்டு வந்த பையனையும் தன் மகளையும் ஒரு நாளைக்குக் கைத்தொலைபேசிகளை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார் சத்யராஜ். காலத்துக்கு ஏற்ற அருமையான கதைக்கரு. நகைச்சுவையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அவனுடைய தவறுகள் சிரிப்போடு கழிந்துபோக, அவளுடையவை விசாரணைக்கு நிறுத்தப்படுகின்றன. அந்தச் சமமின்மை எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாயகனும் நாயகியும் தேயிலைச் சரிவில் ஆடிப்பாட, கொழுந்துக்கூடை மாட்டிய பெண்கள் பின்னால் வரிசையாக நிற்கிற பாட்டுக் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வரிசையில் நிற்கிற ஒருத்தியின் காதலை யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு மனம் நோகும். வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ மூலம் மலையக மக்களை 1975 இலேயே திரைக்குக் கொண்டுவந்தார். லயத்துப் பிள்ளைகளின் காதலைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் ஒரு முழுநீளப் படத்தை நம் இளைஞர்கள் எடுக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன். உழைக்கிற சனங்களுக்கு இது தேவையில்லை என்று அண்ணன் சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணமும் இதுதான். நம்மைப் பற்றிய கதைகளில் வேதனைக்குக் குறைவே இல்லை, நம் வீடுகளில் இருக்கிற கேலியும் கொஞ்சலும்தான் இன்னும் திரைக்கு வரவில்லை.

‘லவ் டுடே’யில் சிறுபிள்ளைகளுக்கு ஒவ்வாத காட்சிகள் உண்டு, அதைப் பெரியவர்கள் மட்டும் பாருங்கள். மற்றவற்றை வீட்டிலுள்ள எல்லோருமே சேர்ந்து பார்க்கலாம். அண்ணன் கிரிக்கெட் பிரியரானால் ‘லப்பர் பந்து’விலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் அடுத்த நாள் வேலையில்லாத ஓர் இரவில் ‘குட் நைட்’டைப் போட்டுவிட்டு, அண்ணியை அவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.