ஓய்வு பெற்ற அப்பாவை எந்தக் குழுவில் சேர்த்துவிடுவது?

கேள்வி: அப்பா ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. காலையில் பேப்பர், அப்புறம் டிவி, அப்புறம் கைபேசி. உள்ளூரில் ஏதாவது கற்றுக்கொள்ளவும் நாலு பேரோடு பழகவும் குழுக்கள் இருக்கின்றனவா? அவரை எப்படிச் சேர்த்துவிடுவது?

பதில்:

சேர்த்துவிடுவதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு முடிந்த காரியம், தம்பி. அறுபது வயது மனிதரைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு குழுவில் உட்கார வைத்தால், உங்கள் முகத்துக்காக ஒரு நாள் உட்காருவார். மறுவாரம் முழங்கால் வலிக்கிறது என்பார். மற்றபடி குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. நான் மதுரைக்காரி, தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊரை வைத்துச் சொல்கிறேன். இதில் பாதி எல்லா ஊரிலும் கிடைக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியோருக்காக என்றே கூட்டுகிற கூட்டத்தைவிட, ஏதாவது ஒரு வேலைக்காகக் கூடுகிற கூட்டத்தில்தான் ஆள் நிலைப்பார். வயதை வைத்துக் கூடினால் பேச்சு சர்க்கரை அளவில் ஆரம்பித்து, மருமகள் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும். வேலையை வைத்துக் கூடினால் கல்லூரிப் பையனும் வருவான், எழுபது வயதுக்காரரும் வருவார். இருவருக்கும் நடுவில் பேச ஒரு பொருள் இருக்கும்.

இதற்கு ஒரே விலக்கு ஓய்வூதியர் சங்கம். அப்பா அரசு வேலையோ வங்கி வேலையோ பார்த்தவர் என்றால் அதில் கண்டிப்பாகச் சேரச் சொல்லுங்கள். பொழுதுபோக்குக்காக அல்ல, காரியத்துக்காக. நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டுமே, விரல் ரேகை தேய்ந்துபோனவர்களுக்குக் கைபேசியில் முகத்தைக் காட்டிச் சான்று எடுத்துக் கொடுப்பது முதல் எல்லாம் அங்கே நடக்கும். மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் எண்பது வயது முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். வராவிட்டால் எந்த மேசைக்கு எழுதுவது என்று சங்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். கணவர் போனபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு மாற்றத் தெரியாமல் கவுண்டர் கவுண்டராக நின்ற பெண்களைச் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அம்மாவையும் ஒரு தடவை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். டிசம்பர் 17 அன்று ஓய்வூதியர் நாள் கொண்டாடுவார்கள். 1982-ல் அதே தேதியில்தான், நகரா என்ற ஓய்வூதியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல, ஊழியரின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்குப் போனால் பழைய ஆட்கள் எல்லாரையும் பார்த்துவிடலாம்.

சரி, கற்றுக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வாய்த்தது கல்வெட்டு. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் சமணர் படுக்கைகள், அதாவது சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய கல்படுக்கைகள், இருப்பது தெரியும். வேலையில் இருந்தவரை ஒன்றைக்கூட ஏறிப் பார்த்ததில்லை. இங்கே ‘பசுமை நடை’ என்று ஓர் அமைப்பு உண்டு. 2010 வாக்கில் ஆனைமலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பிய நேரத்தில், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னின்று தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கூட்டமாகப் போய் ஒரு மலையையோ பழைய கோயிலையோ பார்ப்பார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் அந்த இடத்திலேயே நின்று விளக்குவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள் என்று கீழக்குயில்குடிக்குப் போனேன். அடிவாரத்தில் ஆலமரம், தாமரைக்குளம், அய்யனார் கோயில். மேலே பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. நம் ஊரில் நம் மொழியில் எழுதியிருப்பதை நம்மால் வாசிக்க முடியவில்லையே என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல்தான் என்னைக் கல்வெட்டு வகுப்பு வரை இழுத்துப் போனது.

தமிழி, அதாவது தமிழ் பிராமி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்து, பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. ‘க’ கூட்டல் குறி மாதிரி இருக்கும். ‘ப’ இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே உருவம்தான். வாரம் ஒரு மணி நேரம் நோட்டில் எழுதிப் பழகினால் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். வட்டெழுத்துதான் ஆளை அசத்தும். எல்லாமே ஒன்றுபோலச் சுழித்துக்கொண்டு நிற்கும்.

வகுப்பில் பொதுப்பணித் துறையில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். முதல் நாள் அறிமுகத்தில் தன் பதவியை முழுசாகச் சொன்னார். யாரும் எழுந்து நிற்கவில்லை. கல்வெட்டு எழுத்தைத் தாளில் பிரதி எடுக்கும் மைப்படிப் பயிற்சியன்று அவர் கையில் தண்ணீர் வாளியைக் கொடுத்துவிட்டார்கள். கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் மேல் நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி அடித்தால் எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும். லேசாகக் காய்ந்ததும் மை தோய்ந்த துணிப்பந்தால் ஒற்றிக்கொண்டே வந்தால், கல்லின் பரப்பு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழும்பி வரும். இதைத் தொல்லியல் துறை அனுபவம் உள்ளவர்கள் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். ஆர்வக் கோளாறில் தனியாகப் போய்க் கல்லில் கை வைக்கக் கூடாது. எங்கள் இன்ஜினியர் ஐயா வேட்டியெல்லாம் ஈரமாக நின்று, பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தியிடம் “இது ‘ன’வா ‘ந’வா பாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள், அவரும்தான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கண்மாய்க்குப் போனோம். தண்ணீர் வற்றிக் கிடந்தது. உள்ளே இரண்டு கல்தூண்கள், ஒன்றில் எழுத்து. எழுத்தை நாங்கள் தட்டுத்தடுமாறிப் படித்தோம். தூண்கள் எதற்கு நிற்கின்றன என்று சிறுமி கேட்டாள். எங்கள் இன்ஜினியர் ஐயா முன்னால் வந்தார். அது குமிழித் தூம்பு, கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய மடை. தூண்களுக்கு நடுவே தரையில் ஒரு கல்தொட்டி, அதன் மூடியில் பெரிய துளை. அது நீரோடித் துளை. அடியில் சின்னத் துளைகள்; அவை சேறோடித் துளை. மேலே அடைத்திருக்கும் குமிழைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே பாய்ந்து, கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். போகிற வேகத்தில் அடித்துளைகள் வழியாகச் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் தூம்புப் பக்கம் வண்டல் அடையாது, வயலுக்கும் உரம். இதை மண்ணில் குச்சியால் படம் போட்டு விளக்கினார். அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். முதல் நாள் பதவியைச் சொல்லிக் கிடைக்காத மரியாதை அன்றைக்குத் தானாகக் கிடைத்தது. இப்போது எந்தக் கண்மாய்க்குப் போனாலும் அவரைக் கூப்பிடாமல் போவதில்லை.

உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். அதைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று போனால் எடுபடாது. வேறொன்றைக் கற்றுக்கொள்ளப் போகட்டும், இது வேண்டிய நேரத்தில் வெளியே வரும். வெளிநாட்டில் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். பிரான்சில் துலூஸ் நகரத்தில் 1973-ல் ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ என்று ஓய்வு பெற்றவர்களுக்காகத் தொடங்கினார்கள். 1982-ல் அது பிரிட்டனுக்குப் போனபோது பேராசிரியர்களை விட்டுவிட்டு, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்றுத்தரும் முறையாக மாறிவிட்டது. தேர்வும் கிடையாது, பட்டமும் கிடையாது. தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் கேட்பார், அடுத்த வாரம் இடம் மாறும்.

வயதாகிவிட்டது, இனிமேல் என்ன கற்றுக்கொள்வது என்று அப்பா சொன்னால் ஐராவதம் மகாதேவனைப் பற்றிச் சொல்லுங்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். தமிழி கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் 2003-ல் வந்தபோது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம், மதுரைப் பக்கத்து மாங்குளம் கல்வெட்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரை விரல் வைத்துப் படித்தால் போதும்.

மலை ஏற முடியாதவருக்குப் பறவை பார்ப்பது நல்லது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி ‘இபேர்ட்’ தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே செய்யலாம். ஆசை பிடித்துவிட்டால் சாமநத்தம் கண்மாய், அரிட்டாபட்டி என்று அவரே கிளம்பிவிடுவார்.

நூலகத்தை மறந்துவிடாதீர்கள். பொது நூலகங்களோடு சேர்ந்து வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும். சில ஊர்களில் பெயருக்கு இருக்கும், சில ஊர்களில் பிரமாதமாக நடக்கும். அது நூலகரைப் பொறுத்தது. மதுரையில் 2023 ஜூலையில் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபிறகு எனக்குத் தெரிந்த பல பேருக்கு அதுதான் பகல் வீடு. லிஃப்ட் இருக்கிறது, கழிவறை இருக்கிறது. சிரிக்காதீர்கள், அறுபதுக்கு மேல் ஒரு குழுவில் சேர்வதா வேண்டாமா என்பதைப் பாதி தீர்மானிப்பது கழிவறைதான். மலைக்குப் போகிற அன்று எத்தனை பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இடம் விசாரிக்கும்போது இதையும் கேளுங்கள். அப்பா வாய் திறந்து கேட்க மாட்டார்.

பெண்கள் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். பூங்காவில் நடைப்பயிற்சிக் குழு, சிரிப்பு மன்றம், யோகா எல்லாம் காலை ஐந்தரைக்கு. அது அடுப்படி நேரம். ஆண்கள் ஓய்வு பெறுகிறார்கள், வீட்டு வேலை ஓய்வு பெறுவதில்லை. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பதினொரு மணிக்குப் போகிற மாதிரி ஒரு குழு இருந்தால்தான் என்னைப் போன்றவர்கள் வர முடியும். எங்கள் கல்வெட்டு வகுப்பையே சண்டை போட்டுத்தான் பதினொரு மணிக்கு மாற்ற வைத்தோம். அப்பாவுக்குத் தேடும்போது அம்மாவுக்கும் ஒன்று தேடுங்கள், அதே குழுவாக இருக்க வேண்டியதில்லை. வேறு வேறாக இருந்தால் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பேச விஷயம் இருக்கும்.

சில குழுக்களிலிருந்து தள்ளியே இருக்கச் சொல்லுங்கள். இரண்டாவது சந்திப்பிலேயே யாராவது சத்து பவுடர் டப்பாவைக் கையில் கொடுத்தாலோ, மாதம் இவ்வளவு வட்டி வரும் என்று காதைக் கடித்தாலோ, எழுந்து வந்துவிட வேண்டும். ஓய்வுப் பணம் கைக்கு வந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், கௌரவ ஆலோசகர் என்று லெட்டர்ஹெட் நிறையப் பெயர் இருந்து, கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வருகிற சங்கமும் வேண்டாம். அலுவலக அரசியலை அங்கே மறுபடி முதலிலிருந்து நடத்துவார்கள்.

இனி, எப்படி ஆரம்பிப்பது? “அப்பா, நீங்க இதுல சேருங்க” என்று சொல்லாதீர்கள். “எனக்கு அந்த மலையைப் பார்க்கணும், தனியா போக ஒரு மாதிரி இருக்கு, வர்றீங்களா?” என்று கேளுங்கள். முதல் தடவை நீங்களும் போங்கள். இரண்டாவது தடவை வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அங்கே அவருக்கு ஒரு சின்னப் பொறுப்பு கிடைத்தால் பிடித்துக்கொள்வார்: வருகைப் பதிவு, தண்ணீர் கேன், போட்டோ, ஏதாவது ஒன்று. மூன்று சந்திப்புக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வேறு குழுவைப் பார்க்கலாம். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் அனுப்புவதைக் குழுவில் இருப்பதாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மலைக்குத்தான் போகிறார் என்றால் தோல் செருப்பு வேண்டாம், பாறையில் வழுக்கும். பிடிப்புள்ள கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள். எந்த ஊர் என்று கீழே எழுதினால், அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த குழு இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.