தொகுப்புக்குக் கதை கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: சில வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். இரண்டு மூன்று இதழ்களில் வந்திருக்கிறது. இப்போது 'அம்மா' என்ற பொருளில் ஐம்பது பேர் எழுதும் தொகுப்புக்குக் கதை கேட்கிறார்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம்; சான்றிதழும் இரண்டு பிரதிகளும் தருவார்களாம். அதே கதையை ஒலிவடிவில் தரச் சொல்லி இன்னொருவர் கேட்கிறார். கவிதை, கதை, நாடகம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தால் எதிலும் தேற மாட்டாய் என்கிறார் ஒரு நண்பர். நான் என்ன செய்ய?
(வாசகி, கோவில்பட்டி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். எழுதியவரே காசு கட்டி இடம் பிடிக்கிற தொகுப்புக்குக் கதை கொடுக்காதீர்கள். ஐம்பது பேர் ஆளுக்கு ஆயிரம் கட்டினால் ஐம்பதாயிரம். அச்சுச் செலவில் பெரும்பகுதி அங்கேயே வந்துவிடும். அப்புறம் அந்தப் புத்தகத்தை முனைந்து விற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது; எழுதியவர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் வாங்குவதோடு முடிந்துவிடும். புத்தகங்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் வரும் என்று பெருமையாகச் சொல்வார்கள். இந்தியாவில் அந்த எண்ணை அரசே கட்டணம் இல்லாமல் கொடுக்கிறது.

பணத்தைவிட என்னை உறுத்துவது வேறொன்று. கட்டணம் வாங்கிய பிறகு எந்தக் கதையையும் திருப்பி அனுப்ப முடியாது. தேர்வு இல்லாத இடத்தில் திருத்தமும் இருக்காது. தொகுப்புகளில் எழுதியதில் நான் பெற்ற பெரிய லாபமே நல்ல தொகுப்பாசிரியர்கள்தான். "இந்தக் கடைசிப் பத்தி எதற்கு? கதை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டதே" என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு எழுதிய எல்லாக் கதைகளிலும் கடைசிப் பத்தியைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் செய்துவந்ததை நினைத்துப் பாருங்கள். இதழ்களில் வந்த கதைகளில் மாதம் ஒன்றைத் தேர்ந்து, வருடத்துக்குப் பன்னிரண்டைப் புத்தகமாக்கினார்கள். யாரோ ஒருவர் அத்தனை கதைகளையும் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பதில்தான் அந்தப் பன்னிரண்டுக்கு மதிப்பு.

சிறு பதிப்பகங்கள் சன்மானம் தராமல் ஆசிரியர் பிரதி மட்டும் தருவது வழக்கம். தொகுப்பாசிரியர் நன்றாகப் படிப்பவர் என்றால் அதற்கு நான் சம்மதிப்பேன். அவர் முன்பு தொகுத்த புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது உரிமை. நம்மவர்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்து மூலம், கையெழுத்திட்டுத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றுதான் பொருள். வேறுவிதமாக எழுதிக் கொள்ளாத வரை, வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால் அது காலாவதியாகிவிடும். ஆக, சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 'ஒலி, காட்சி, மொழிபெயர்ப்பு உள்ளிட்ட அனைத்து உரிமைகளும்' என்ற வரி கண்ணில் பட்டால், அதை அடித்துவிட்டு 'இந்தத் தொகுப்பில் அச்சிட மட்டும்' என்று எழுதி அனுப்புங்கள். இதனால் கோபித்துக்கொள்ளும் தொகுப்பாசிரியர் உங்களுக்கு வேண்டாம். ஒலிவடிவம் கேட்பவரிடமும் இதே கறார்தான். குரலுக்கான உரிமை மட்டும், இத்தனை வருடத்துக்கு, இவ்வளவு தொகைக்கு.

'அம்மா' என்ற பொருளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொருள் கொடுத்துக் கேட்கும் தொகுப்புகளில் பாதிக் கதைகள் ஒரே கதையாக இருக்கும். தியாகம் செய்யும் அம்மா, முதியோர் இல்லத்தில் விடப்பட்ட அம்மா, இறந்த பிறகு அருமை புரிகிற அம்மா. முதலில் மனதில் தோன்றுவதை எழுதினால் உங்கள் கதையும் இந்த வரிசையில்தான் போய் நிற்கும். மகளோடு சீட்டுப் பணத்துக்குச் சண்டை போடும் அம்மாவை எழுதுங்கள். தீப்பெட்டி ஆலையில் கணக்குப் பார்க்கும் அம்மாவை எழுதுங்கள். உங்கள் ஊரில் இருக்கும் மனிதர்கள் மற்ற நாற்பத்தொன்பது பேர் கைக்கும் வர மாட்டார்கள்.

சரி, நண்பரின் எச்சரிக்கைக்கு வருவோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் பழந்தமிழ்த் தொகை நூல்களில் பல, அடி அளவை வைத்துத் தொகுக்கப்பட்டவை. ஐங்குறுநூறு மூன்று முதல் ஆறு அடி, குறுந்தொகை நான்கு முதல் எட்டு, அகநானூறு பதின்மூன்று முதல் முப்பத்தொன்று. இந்த மூன்றிலும் கபிலர் இருக்கிறார். போதாததற்கு 261 அடியில் குறிஞ்சிப்பாட்டு வேறு. மலையையும் அதில் வாழும் காதலையும் நாலு அடியிலும் சொல்லியிருக்கிறார், இருநூற்றுச் சொச்சம் அடியிலும் சொல்லியிருக்கிறார். நாலு அடிப் பாட்டை இழுத்து நீட்டியதாக எங்கும் தெரியவில்லை. ஒவ்வோர் அளவுக்கும் புதிதாக யோசித்திருக்கிறார்.

நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். அச்சில் வந்த கதையை அப்படியே ஒலிப்பதிவுக்குக் கொடுக்காதீர்கள். வானொலி நாடகம் எழுதப் போனபோதுதான் எனக்கு இதெல்லாம் பிடிபட்டது. கேட்பவரால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. ரமா, ரமணி, ரமேஷ் என்று மூன்று பேர் இருந்தால் காது குழம்பிவிடும். ஒரு காட்சியில் மூன்று நான்கு குரல்களுக்கு மேல் வேண்டாம். யார் உள்ளே வந்தார் என்பது பேச்சிலேயே தெரிய வேண்டும். 'அவள் நினைத்துக்கொண்டாள்' என்று அச்சில் அரைப் பக்கம் ஓட்டலாம். குரலில் அதை ஒரு வசனமாகவோ, பதில் சொல்லாத ஒரு மௌனமாகவோ மாற்ற வேண்டும். இந்தப் பயிற்சி திரும்பச் சிறுகதைக்கே உதவுகிறது. நாடகம் எழுதிய பிறகு என் கதைகளில் உரையாடல் இறுகியது. ஒரு பக்கக் கதைகள் எழுதியதில் வர்ணனை மெலிந்தது. நண்பர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: ஒரே மாதத்தில் மூன்றையும் தொடங்கினால் மூன்றும் அரைகுறையாகும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

இப்போதைக்கு அந்தக் கட்டணத் தொகுப்புக்கு மறுப்பு எழுதிவிட்டு, கதையை முதலில் ஓர் இதழுக்கு அனுப்புங்கள். அதற்குள் ஒலிக்கான பிரதியைத் தனியாக எழுதி, யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எந்தக் கதை எங்கே, எப்போது வந்தது, யாருக்கு என்ன உரிமை கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் தனித் தொகுப்பு வரும்போது பதிப்பாளர் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.