மாதம் 46 வெள்ளி: வேக்குவம் கிளீனரைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூரின் பொங்கோலில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கணவருடனும் ஏழு வயது மகனுடனும் வசிக்கிறேன். மகனுக்குத் தூசி ஒவ்வாமை இருப்பதால், வேக்குவம் கிளீனர் பார்க்கச் சென்ற வாரம் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தோம். எனக்குப் பிடித்த கம்பியில்லாத மாடலின் விலை 1,099 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வட்டியில்லாமல் 24 மாதத் தவணையில் எடுத்தால் மாதம் 46 வெள்ளிதான் என்றார் விற்பனையாளர். கூடுதல் உத்தரவாதத்திற்கு 129 வெள்ளி தனி. கணவரோ, 299 வெள்ளிக்கு இருந்த கம்பியுள்ள மாடலே போதும் என்கிறார். என் கடன்பற்று அட்டையில் 1,800 வெள்ளி பாக்கி உண்டு. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டி வருகிறேன். சேமிப்பில் 6,000 வெள்ளி இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. எதை வாங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லப்பட்டிருக்கும் அந்த 1,800 வெள்ளியிலிருந்து தொடங்குகிறேன், வேக்குவம் கிளீனரைப் பிறகு பார்ப்போம்.

சிங்கப்பூரில் கடன்பற்று அட்டைப் பாக்கிக்கு வங்கிகள் பெரும்பாலும் ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு வரை வட்டி விதிக்கின்றன. 27 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 1,800 வெள்ளிக்கு ஆண்டு வட்டி 486 வெள்ளி, அதாவது மாதத்திற்கு 40 வெள்ளிக்குச் சற்று அதிகம். குறைந்தபட்சத் தொகை என்பது பல வங்கிகளில் பாக்கியில் 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அது. உங்கள் கணக்கில் அது 54 வெள்ளி. அதில் 40 வெள்ளி வட்டிக்கே போய்விடுவதால், அசலில் குறைவது மாதம் 14 வெள்ளிதான். கடையில் சொன்ன 46 வெள்ளியை இதனருகில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே தொகையை நீங்கள் இப்போதே மாதந்தோறும் வங்கிக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பொருள் மட்டும் வீடு வந்து சேரவில்லை.

மறுபுறம், உள்ளூர் வங்கிகளின் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அடிப்படை வட்டி 0.05 விழுக்காடு. உங்கள் 6,000 வெள்ளி ஓராண்டில் ஈட்டுவது 3 வெள்ளி. சேமிப்பைத் தொடக்கூடாது என்னும் எண்ணம் நல்லதே, ஆனால் 486 வெள்ளியைச் செலவழித்து 3 வெள்ளியைக் காப்பாற்றுவது சிக்கனமாகாது. ஆகவே முதல் வேலையாகச் சேமிப்பிலிருந்து அட்டைப் பாக்கியை முழுவதுமாக அடைத்துவிடுங்கள். வட்டி நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், பழைய கணக்கறிக்கையில் உள்ள தொகையை மட்டும் கட்டாமல், இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று வங்கியிடம் கேட்டுக் கட்டுவது நல்லது. அதன் பிறகு கையில் ஏறத்தாழ 4,200 வெள்ளி இருக்கும். இதுவரை வங்கிக்குப் போன 54 வெள்ளியை மாதந்தோறும் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தால், எடுத்தது சிறுகச் சிறுகத் திரும்பிவிடும்.

இப்போது தவணைக்கு வருவோம். வட்டியில்லாத் தவணை ஏமாற்று அல்ல. ஆனால் ஒவ்வொரு மாதமும் அட்டைக் கணக்கை முழுமையாகத் தீர்ப்பவருக்கு மட்டுமே அது வட்டியில்லாதது. மாதத் தவணையான 46 வெள்ளி உங்கள் அட்டைக் கணக்கில்தான் பற்று வைக்கப்படும். அந்த மாதக் கணக்கை முழுதாகக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்திக்கொண்டால், பழைய பாக்கியோடு தவணைப் பணமும் சேர்ந்து அதே வட்டிக்கு உள்ளாகும். விற்பனையாளர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்; அவரைக் குறை சொல்லவும் முடியாது, அட்டையில் பாக்கி இருப்பது அவருக்குத் தெரியாது. இது தவிர, 1,099 வெள்ளியும் முதல் நாளே உங்கள் கடன் வரம்பிலிருந்து கழிக்கப்படும். பல வங்கிகள் தவணைக் கொள்முதலுக்கு வெகுமதிப் புள்ளிகள் தருவதில்லை, முன்கூட்டியே கணக்கை முடிக்க விரும்பினால் கட்டணமும் கேட்கின்றன.

கணவர் சொல்லும் 299 வெள்ளி மாடலைப் பொறுத்தவரை, அவர் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கடையில் ஒரு துண்டுக் கம்பளத்தில் மாவைத் தூவி ஒரே இழுப்பில் உறிஞ்சிக் காட்டுவார்கள். பார்க்க மலைப்பாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுத் தரை ஓடு அல்லது வினைலாக இருந்தால், அந்தக் கம்பளக் காட்சிக்கும் உங்கள் தேவைக்கும் தொடர்பு குறைவு. நான்கறை வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். அதற்கு மின்கம்பி ஒரு பெரிய இடைஞ்சல் அல்ல. கம்பியில்லாத கருவியின் லித்தியம் மின்கலமோ சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஆகவே அதை வாங்குவதாக இருந்தால், மாற்று மின்கலம் என்ன விலை, இங்கேயே கிடைக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். அந்த விலையையும் சேர்த்துக்கொண்டால்தான் 1,099 வெள்ளியின் உண்மையான கணக்கு தெரியும்.

மகனுக்காக என்பதால் ஒன்றை மட்டும் பாருங்கள்: தூசி வெளிக்காற்றில் மீண்டும் கலக்காதபடி ஹெப்பா வடிகட்டி இருக்கிறதா, அந்த வடிகட்டியை மாற்ற எவ்வளவு ஆகும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் மெத்தைக்குள் இருக்கும் தூசிப்பூச்சிகளை முழுவதுமாக அகற்றிவிடாது. தலையணை உறை, படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் துவைப்பதன் பலனை, கூடுதலாகக் கொடுக்கும் 800 வெள்ளி தந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவர் வேறு ஆலோசனை தந்திருந்தால் அதுவே முதன்மை.

அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டைப் பயன்படுத்தலாமே என்று உறவினர் யாராவது சொல்லக்கூடும். குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம் போன்ற குறிப்பிட்ட பொருள்களுக்கே அது செல்லும். வேக்குவம் கிளீனர் அந்தப் பட்டியலில் இல்லை.

கூடுதல் உத்தரவாதத்தை எடுக்க வேண்டாம். 299 வெள்ளிப் பொருளுக்கும் அதே 129 வெள்ளி என்றால், அது பொருளின் விலையில் 43 விழுக்காடு. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலிருக்கும் விதியின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. பழுதுநீக்கம் அல்லது மாற்றுப் பொருள் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கடை இணங்காவிட்டால் சிறு கோரல் நடுவர்மன்றத்தை நாடலாம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை.

முஸ்தபா பேரங்காடியிலோ அக்கம்பக்கத்து மின்சாதனக் கடையிலோ அதே மாடல் குறைந்த விலையில் கிடைத்தாலும், உத்தரவாதம் அதிகாரபூர்வ முகவருடையதா, கடையினுடையதா என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், இங்கு விற்கப்படும் வேக்குவம் கிளீனர்களில் இருக்க வேண்டிய பாதுகாப்பு முத்திரை அதில் உள்ளதா என்றும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.