துவாலுவின் சொல்லுக்கு எடை எங்கிருந்து வந்தது?

கேள்வி: பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்கள்தொகை ஏறத்தாழ 11,000தான். படையோ பணமோ இல்லாத இத்தகைய தீவுகள் காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் வல்லரசுகளைப் பணியவைக்கின்றன என்பது மிகையல்லவா? (வாசகர் ஒருவர், தூத்துக்குடி)

பதில்: ‘பணியவைக்கின்றன’ என்பது மிகைதான், ஆனால் அவற்றைத் தாண்டிச் செல்வதும் எளிதன்று. வாக்கெடுப்பு விதியில் நாடுகளுக்குள் இன்றுவரை உடன்பாடு ஏற்படாததால், ஐ.நா. காலநிலை மாநாடுகளில் முடிவுகள் கருத்தொருமிப்பின் மூலமே எடுக்கப்படுகின்றன. எனவே மிகச் சிறிய நாடொன்று மறுப்புத் தெரிவித்தாலும் தலைவர் அதைப் புறக்கணித்துவிட முடியாது. 2009இல் கோபன்ஹேகனில், சட்டப்படி கட்டுப்படுத்தும் புதிய உடன்படிக்கை பற்றித் தனியே விவாதிக்க வேண்டும் என்று வலியுறுத்திய துவாலு, அமர்வையே ஒத்திவைக்கச் செய்தது. அன்று அதை எதிர்த்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது பலம் ஒற்றுமை. 1990இல் உருவான சிறு தீவு நாடுகளின் கூட்டணியில் பசிபிக், கரீபியன், இந்தியப் பெருங்கடல் பகுதிகளைச் சேர்ந்தவை உள்ளிட்ட 39 நாடுகள் ஒரே குரலில் பேசுகின்றன. புவி வெப்ப உயர்வுக்கு 2 டிகிரி வரம்பே போதும் என்று பெரிய நாடுகள் கருதியிருந்த நிலையில், 2015இல் பாரிஸ் உடன்படிக்கையில் 1.5 டிகிரி இடம்பெற்றதற்கு இக்கூட்டணியின் விடாப்பிடியும், பணக்கார நாடுகளையும் ஏழை நாடுகளையும் ஓரணியில் சேர்த்த மார்ஷல் தீவுகளின் அமைச்சர் டோனி டி புரூமின் சாமர்த்தியமும் முக்கியக் காரணங்கள். பணம் பெறுவதில் மட்டும் இந்த வேகம் இல்லை: கடல்மட்ட உயர்வால் நேரும் இழப்புக்கு ஈடு வேண்டும் என்று 1991இலேயே பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்வைத்த கோரிக்கை, ஒரு நிதியமாக ஏற்கப்பட்டது 2022இல்தான்.

கருத்தொருமிப்பு விதியும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2023இல் துபாயில், தீவுக் கூட்டணியினர் அரங்குக்குள் வருமுன்பே தலைவர் சுத்தியலைத் தட்டி முடிவை அறிவித்தார். கூட்டணியின் சார்பில் சமோவாவின் பிரதிநிதி ஆன் ராஸ்முசன் அதைச் சுட்டிக்காட்டியபோது அரங்கில் பலர் எழுந்து நின்று கைதட்டினர். தீர்மானத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

மாநாட்டு அரங்கில் கிடைக்காததை நீதிமன்றத்தில் தேடும் முயற்சியைத் தீவுகள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019இல் எழுப்பிய யோசனையை வனுவாட்டு ஏற்று ஐ.நா. பொதுச் சபைக்குக் கொண்டுசென்றதன் விளைவாக, சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று காலநிலை மாற்றம் தொடர்பாக நாடுகளுக்குள்ள கடமைகள் குறித்து ஒருமனதாகக் கருத்துரை வழங்கியது. அது எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும், பாரிஸில் தீவுகள் போராடிச் சேர்த்த அந்த 1.5 டிகிரியையே நாடுகள் ஒப்புக்கொண்ட முதன்மை வெப்பநிலை இலக்காக நீதிமன்றம் எடுத்துக்கொண்டிருக்கிறது.