கதை மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது: இது மறதியா, மனநோயா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 43. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் கணவர், மகள், மாமியாருடன் வசிக்கிறேன். ராஃபிள்ஸ் பிளேஸில் கணக்காளர் வேலை. தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டிக்கு அனுப்பலாம் என்று சிறுகதை எழுதத் தொடங்கியதிலிருந்து மனம் வேறெதிலும் நிற்பதில்லை. இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டு மரினா பே வரை போய்த் திரும்புகிறேன். அடுப்பில் வைத்த பருப்பு இரண்டு முறை தீய்ந்துவிட்டது. இரவு 2 மணிக்கு ஒரு வசனம் தோன்றி விழிப்பு வருகிறது, பிறகு தூக்கமில்லை. கதையில் வரும் கிழவி பேசுவது காதருகே கேட்பதுபோல் இருக்கிறது. கணவர் பேசினால் 'ம்' கொட்டுகிறேன். என்ன சொன்னார் என்று தெரியாது. எழுதுவதை நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மறதி நோயாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நிலையம் தவறிய அந்தச் சில நிமிடங்களில் மனதில் என்ன ஓடியது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? கிழவி என்ன பேசினாள், காட்சி எதுவரை நகர்ந்தது என்று சொல்ல முடிந்தால் அது ஆழ்ந்த ஈடுபாடு. எதுவுமே நினைவில்லை, அந்த நேரமே வெட்டி எடுத்ததுபோல் காணவில்லை என்றாலோ, உங்கள் கண் நிலைகுத்தியிருந்தது, உதட்டைச் சப்பினீர்கள், துணியை நிமிண்டினீர்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னாலோ அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அலுவலகக் கணக்குகளில் முன்பு வராத பிழைகள் வருகின்றனவா, பழகிய பாதையில் திசை தெரியாமல் நிற்கிறீர்களா என்பதையும் கவனியுங்கள்.

பருப்பு தீய்ந்ததற்குக் காரணம் எளிது. கைக்குப் பழகிய வேலையில் மூளைக்குப் பெரிய வேலை இல்லை. பாத்திரம் கழுவும்போதும் குளிக்கும்போதும் ரயிலில் நிற்கும்போதும், வெளியுலகைக் கவனிக்காமல் உள்ளுக்குள் கற்பனை செய்கிற ஒரு நரம்பு வலைப்பின்னல் வேகம் பிடிக்கிறது. மூளை ஆய்வாளர் மார்கஸ் ரைக்கிலும் அவருடைய குழுவினரும் 2001இல் இதை விவரித்தார்கள். கதை வந்து சேர்வதும் அந்த நேரங்களில்தான், அது நல்லதுதான். ஆனால் 'பத்து நிமிடத்தில் அடுப்பை அணைக்க வேண்டும்' என்ற எண்ணத்தை அப்போது மூளை பெரும்பாலும் தானாக எழுப்பாது, அதைத் தட்டி எழுப்ப வெளியிலிருந்து ஏதாவது வேண்டும். குக்கர் விசில் அடிக்கும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் பருப்பு சத்தம் போடாது.

ஆகவே அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே நேரங்காட்டியை வையுங்கள், பற்றவைத்த பிறகு அல்ல. அதை அடுக்களையில் விட்டுவராமல் சட்டைப்பையிலோ கழுத்திலோ வைத்திருங்கள். அடுப்பின் திருகில் கை படும்வரை அதன் ஒலியை நிறுத்தக்கூடாது. 'ஒரு வரி முடித்துவிட்டு வருகிறேன்' என்று கைப்பேசி அலாரத்தை அமர்த்துவதில்தான் பெரும்பாலும் சட்டி கருகுகிறது. எண்ணெய் காயும்போது அடுக்களையை விட்டு நகரவே வேண்டாம். சிங்கப்பூரில் வீட்டுத் தீச்சம்பவங்களுக்குக் கவனிக்காமல் விட்ட சமையல் ஒரு முக்கியக் காரணம் என்று குடிமைத் தற்காப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்கிறது.

ரயிலில், சிட்டி ஹால் வருவதற்குச் சற்று முன் கைக்கடிகாரம் அதிரும்படி வைத்தால் போதும். நிலையம் தவறினால் கால் மணி நேரம் போகும், அவ்வளவுதான். சாலையைக் கடப்பது அப்படியல்ல. நடைபாதை விளிம்பில் கால் வைத்ததும் கதையும் கைப்பேசியும் நிற்க வேண்டும். சாலை கடக்கும் விளக்கில் பச்சை மனிதன் எரிந்தாலும் திரும்பும் வண்டிகளைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி தூக்கம். உங்கள் பிரச்சினைகளில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனெனில் தூக்கம் குறைந்தால் மறுநாள் கவனம் இன்னும் சிதறும். முடிக்காமல் விட்ட வேலை மனதை அரித்துக்கொண்டிருக்கும். அதை எப்போது, எப்படித் தொடர்வது என்று திட்டவட்டமாக எழுதிவிட்டால் அரிப்பு குறைகிறது என்று 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 2018இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வில், படுக்கும்முன் 5 நிமிடம் மறுநாள் வேலைகளைப் பட்டியலிட்ட இளைஞர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். அதனால் படுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே எழுத்தை நிறுத்துங்கள். நிறுத்தும்போது, 'நாளை: கிழவி கதவைத் திறக்கிறாள், மருமகள் முகத்தைப் பார்க்கவில்லை' என்பதுபோல் அடுத்த வரி என்ன என்று குறித்துவிடுங்கள். 'கதையைத் தொடர வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை.

இரவு 2 மணிக்கு வசனம் வந்தால் தலைமாட்டில் இருக்கும் காகிதத்தில், மங்கிய வெளிச்சத்தில், மூன்று வரிக்குள் எழுதுங்கள். பாத்திரம் பேசிய சொற்களை அப்படியே எழுத வேண்டும். 'மாமியார் சண்டை' என்று மட்டும் குறித்தால் காலையில் ஒன்றும் பிடிபடாது, அந்த அச்சமே அடுத்த இரவு உங்களை எழுப்பும். கைப்பேசி வேண்டாம், வாட்ஸ்அப் உங்களை இழுத்துக்கொள்ளும். 20 நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் அமர்ந்து, கண் சொருகியதும் திரும்புங்கள். காப்பியில் உள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த கோப்பி ஓவில் (பாலில்லாத காப்பி) இருந்த காஃபீனில் பாதி, இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும். மதிய உணவுக்குப் பிறகு நிறுத்திப் பாருங்கள்.

எல்லாப் பழியையும் கதைமேல் போட்டுவிடவும் வேண்டாம். 43 வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள் தொடங்கியிருக்கலாம். நள்ளிரவில் விழிப்பு, திடீர் வியர்வை, கவனக்குறைவு எல்லாம் அதில் உண்டு. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இரத்தச்சோகை, தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். நீங்கள் சைவம் என்றாலோ, நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் எடுத்தாலோ பி12ஐக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

கிழவியின் குரல் பற்றிப் பயப்படாதீர்கள். தம் பாத்திரங்கள் பேசுவது கேட்கிறது என்று சொல்லும் எழுத்தாளர்கள் பலர். அது உங்கள் கற்பனை என்று உங்களுக்குத் தெரிகிறது, வேறு வேலையில் இறங்கினால் அடங்குகிறது என்றால் அது நோயல்ல. குரல் வெளியிலிருந்து வந்தால், கட்டளையிட்டால், அச்சுறுத்தினால், நிறுத்த நினைத்தும் நிற்காவிட்டால் உடனே உதவி தேடுங்கள். சில நாள் தொடர்ந்து மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சும் எண்ணமும் பறந்து, பணம் தாறுமாறாகச் செலவானாலும் அப்படியே. அதை 'எழுத்து வேகம்' என்று குடும்பமே தவறாக எடுத்துக்கொள்வதுண்டு. மணிக்கணக்கில் கனவில் மூழ்கி, ஒரு வரிகூடத் தாளில் இறங்காமல் வேலையும் கெடுமானால் மனநல ஆலோசகரிடம் பேசலாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

கணவருக்கு ஒரு செய்தி: வேலைக்கு நடுவே முதுகுக்குப் பின்னாலிருந்து பேசாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண் உங்கள் பக்கம் திரும்பிய பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட நீங்களும் 'ம்' கொட்டுவதை விட்டுவிட்டு, 'ஒரு நிமிடம்' என்று கேட்டு அந்த வரியைக் குறித்துவைத்துவிட்டு அவரிடம் திரும்புங்கள். மகளின் பள்ளி, மாமியாரின் மருத்துவச் சந்திப்பு போன்ற தேதிகளைக் காதில் வாங்குவதோடு விடாமல், அப்போதே குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிய நாட்காட்டியில் இருவரும் சேர்ந்து எழுதிவிடுங்கள்.